அமெரிக்காவுல எஸ்எல்பி மாஸ்டர்ஸ்: கேண்டிடசில இருக்கற ப்ரோக்ராம்ல சேரலாமா? (அவசரம், 15 நாள்ல பதில் சொல்லணும்)

போரூர்பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். நான் சென்னைல பிஏஎஸ்எல்பி (பேச்சு, கேட்டல் சிகிச்சைக்கான பட்டப்படிப்பு) படிச்சிட்டு இப்போ இன்டர்ன்ஷிப்ல கடைசி ரெண்டு மாசத்துல இருக்கேன். அமெரிக்கால ஸ்பீச் லாங்வேஜ் பேத்தாலஜி (எஸ்எல்பி, பேச்சு மொழி சிகிச்சை) மாஸ்டர்ஸ்க்கு அப்ளை பண்ணிருந்தேன், ரெண்டு எடத்துலேர்ந்து அட்மிட் வந்திருக்கு. ஒண்ணு பழைய டிபார்ட்மென்ட், ஃபுல் அக்ரிடிடேஷன் (அங்கீகாரம்) இருக்கு, ஆனா ஃபீஸ பாத்தாலே தல சுத்துது, உதவித்தொக எதுவும் கெடயாது. இன்னொண்ணு புதுசா ஆரம்பிச்ச ப்ரோக்ராம், க்ராஜுவேட் அசிஸ்டன்ட்ஷிப் தரேன்னு சொல்றாங்க, செலவு பாதிக்கும் கீழ வந்துடும், ஆனா வெப்சைட்ல அக்ரிடிடட்னு போடாம கேண்டிடேட் ஃபார் அக்ரிடிடேஷன்னு போட்ருக்காங்க. அப்பா வீட்டு பத்திரத்த வச்சு லோன் எடுக்கறேங்கறாரு, அதனால தப்பா முடிவு எடுத்துடுவேனோன்னு பயமா இருக்கு, ராத்திரி தூக்கமே வரல.

எனக்கு புரியாதது என்னன்னா, நம்ம ஊர்ல ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) இருக்கு, அது சட்டத்துல வந்த கவுன்சில், அவங்க ஓகே சொன்ன காலேஜ்ல படிச்சா சிஆர்ஆர் நம்பர் (அவங்க பதிவேட்டு எண்) கெடைக்கும், அதோட வேல முடிஞ்சது. அங்க ஆஷாங்கறது (அமெரிக்க பேச்சு மொழி கேட்டல் சங்கம்) மெம்பர்ஷிப் ஃபீஸ் கட்டி சேர்ற ஒரு அசோசியேஷன் தானே, அது எப்படி இந்த யுனிவர்சிட்டி படிப்பு செல்லும் அது செல்லாதுன்னு சொல்ல முடியும்? அதோட அந்த புது எடத்துல கேட்டப்போ எங்க யுனிவர்சிட்டியே அக்ரிடிடட் தான், கவலப்படாதீங்கன்னு சொன்னாங்க. அப்போ கேண்டிடசின்னு தனியா ஏன் எழுதணும்? இன்னும் ஒண்ணு, நான் இன்டர்ன்ஷிப்ல பாத்த கேஸ் எல்லாம் மணி நேர கணக்குல அங்க சேருமா? அக்கா அண்ணா யாராவது இருந்தா தயவுசெஞ்சு சொல்லுங்க.

டல்லாஸ்அக்கா:

முதல்ல வாழ்த்துக்கள்மா, ரெண்டு அட்மிட்ங்கறது சின்ன விஷயம் இல்ல. நான் டல்லாஸ் பக்கம் ஸ்கூல்ல எஸ்எல்பியா இருக்கேன், 9 வருஷம் ஆச்சு, நானும் உன்ன மாதிரி சென்னைலேர்ந்து வந்தவ தான்.

ஆர்சிஐய மனசுல வச்சிக்கிட்டு இங்க பாத்தா கொழப்பம் தான் வரும். ஆர்சிஐ 1992 சட்டத்துல வந்தது, காலேஜுக்கு அனுமதி குடுக்கறதும் அவங்க, ஆளுக்கு பதிவு குடுக்கறதும் அவங்க. இங்க அந்த ஒரே வேலய மூணு பேர் பிரிச்சு செய்றாங்க. படிப்ப பாக்கறது சிஏஏ (குடியுரிமை சட்டத்த நெனச்சுடாத, இது கவுன்சில் ஆன் அகடமிக் அக்ரிடிடேஷன்). ஆள பாத்து சிசிசி சர்டிஃபிகேட் (இவங்களுக்கு தொழில் திறமை இருக்குங்கற சான்று) குடுக்கறது சிஎஃப்சிசின்னு இன்னொரு கவுன்சில். இது ரெண்டும் ஆஷா கூரைக்கு கீழ தான் இருக்கு, ஆனா முடிவெடுக்கறதுல தனித்தனி. மூணாவது ஸ்டேட். வேல செய்ய லைசென்ஸ் குடுக்கறது அவங்க தான், இங்க டெக்சாஸ்ல டிடிஎல்ஆர். இந்த மூணும் ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டு இருக்கும், ஆனா சட்டப்படி நீ உக்காந்து ஒரு கொழந்தைக்கு தெரபி குடுக்க வேண்டியது லைசென்ஸ் தான்.

அசோசியேஷனுக்கு எப்படி அந்த அதிகாரம்னு கேட்ட, நல்ல கேள்வி. ஆஷா 1925ல ஆரம்பிச்சப்போ கைவிரல் விட்டு எண்ற அளவு ஆளுங்க தான், தொழில்ல இருந்தவங்களே கூடி யார் செய்யலாம் எப்படி செய்யணும்னு வரைமுற போட்டுக்கிட்டாங்க, ஸ்டேட் லைசென்ஸ் எல்லாம் ரொம்ப பின்னாடி வந்தது தான். அப்படி வந்தப்போ ஸ்டேட்டுங்க பெரும்பாலும் புதுசா ஒரு அளவுகோல் செய்யாம ஏற்கனவே இருந்தத எடுத்துக்கிட்டாங்க. இன்னிக்கு சிஏஏவ கண்காணிக்க மேல ரெண்டு பேர் இருக்காங்க, ஃபெடரல் கல்வித்துற ஒண்ணு, சியான்னு ஒரு கவுன்சில் (உயர்கல்வி அக்ரிடிடேஷன் கவுன்சில்) ஒண்ணு, அந்த ரெண்டு பேர்ட்டயும் சிஏஏ தன் அங்கீகாரத்த காட்டி புதுப்பிச்சிட்டே இருக்கணும். மெம்பர்ஷிப் ஃபீஸ் வாங்கற சங்கம் நெனச்சபடி முத்திர குத்துற கத இல்ல.

யுனிவர்சிட்டி அக்ரிடிடட்ங்கறது உண்மயா இருக்கலாம் ஆனா அது உன் கேள்விக்கு பதில் இல்லம்மா. யுனிவர்சிட்டிக்கு முழுசா குடுக்கற அங்கீகாரம் வேற, அந்த எஸ்எல்பி மாஸ்டர்ஸ்க்கு மட்டும் குடுக்கறது வேற, முதல்து இல்லாம சிஏஏ ரெண்டாவத பாக்கவே பாக்காது, ஆனா முதல்து இருக்குன்னு ரெண்டாவது தானா வந்துடாது. அதே டிபார்ட்மென்ட்லயே பேச்சிலர்ஸ்க்கும் பிஹெச்டிக்கும் சிஏஏ அங்கீகாரம்னு ஒண்ணு கெடயாது, எஸ்எல்பி மாஸ்டர்ஸ்க்கும் ஆடியாலஜி (கேட்டல் துற) டாக்டரேட்டுக்கும் மட்டும் தான். இத தெளிவா சொல்லாம கவலப்படாதீங்கன்னு சொன்ன ஆளு அட்மிஷன் ஆபீஸா இருக்கும், நீ டிபார்ட்மென்ட்ல ப்ரோக்ராம் டைரக்டருக்கே நேரா மெயில் போடு.

கேண்டிடசின்னா புது ப்ரோக்ராமுக்கு குடுக்கற முன்நிலை அங்கீகாரம். அதிகபட்சம் 5 வருஷம். அதுக்குள்ள அவங்க வளந்து முழுசா எல்லா ஸ்டாண்டர்டும் எட்டணும், எட்டுனா 5 வருஷத்துக்கு இனிஷியல் அக்ரிடிடேஷன், அப்புறம் 8 வருஷத்துக்கு ஒரு தடவ புதுப்பிக்கறது. உனக்கு முக்கியமான விஷயம் இது தான்: கேண்டிடசில இருக்கற ப்ரோக்ராம்ல ஆரம்பிச்சு அங்கயே முடிச்சாலும் சிசிசிக்கு நீ தகுதி. இத பலர் தெரியாம பயந்து நல்ல எடத்த விட்டுடறாங்க. லைசென்ஸுக்கு மட்டும் நீ போகப்போற ஸ்டேட்டோட விதிய தனியா படிச்சுக்கோ.

இன்டர்ன்ஷிப் மணி நேரம் பத்தி சொல்றது உனக்கு கஷ்டமா இருக்கும். மொத்தம் 400 மணி நேரம் வேணும், 25 அப்சர்வேஷன், 375 நேரடியா க்ளையன்ட்டோட. அதுல 325 மாஸ்டர்ஸ் படிக்கறப்போ தான் வரணும். மீதி சின்ன பங்க பழசுலேர்ந்து எடுக்கலாம், ஆனா கையெழுத்து போட்ட சூப்பர்வைசர் சிசிசி வச்சிருக்கணும், நம்ம ஊர்ல அப்படி ஒருத்தர் கெடைக்கறது அபூர்வம். நான் ஒரு வருஷம் முழுக்க ஓபில உக்காந்து பாத்த கேஸ்ல ஒரு மணி நேரம் கூட எழுத முடியல. ஆனா கை பழகினது போகாது, முதல் செமஸ்டர்ல ஓரல் மெக்கானிசம் எக்ஸாம் (க்ளையன்ட்டோட வாய், நாக்கு சோதன) பண்றப்போ கூட இருந்த பொண்ணுங்க டார்ச்ச எப்படி பிடிக்கறதுன்னு தேடிட்டு இருந்தாங்க, நான் முடிச்சு எழுதியே வச்சுட்டேன்.

ஆடியோமணி:

அக்கா சொன்னது எஸ்எல்பிக்கு அப்படியே சரி. யாராவது ஆடியாலஜி பக்கம் யோசிச்சிட்டு இந்த த்ரெட்ட படிச்சா அவங்களுக்காக கொஞ்சம் சேக்கறேன், நான் ஏயுடி (ஆடியாலஜி டாக்டரேட்) முடிச்சவன்.

இங்க ஆடியாலஜில மாஸ்டர்ஸ் கத முடிஞ்சது. 2012 ஜனவரிலேர்ந்து ஆஷா சர்டிஃபிகேட்டுக்கு டாக்டரேட் இருந்தே ஆகணும், அதனால படிப்பு ஏயுடி, பெரும்பாலும் 4 வருஷம், கடைசி வருஷம் எக்ஸ்டர்ன்ஷிப். அப்புறம் இங்க அங்கீகாரம் குடுக்கற அமைப்பு ஒண்ணு இல்ல, ரெண்டு. சிஏஏ ஒண்ணு, ஏசிஏஇ இன்னொண்ணு. ஆடியாலஜிஸ்டுகள் 1988ல அமெரிக்கன் அகாடமி ஆஃப் ஆடியாலஜின்னு தனி சங்கம் ஆரம்பிச்சாங்க, எங்க படிப்ப எங்க ஆளுங்களே பாக்கணும்ங்கற எண்ணம் அந்த பக்கம் வலுவா இருந்துச்சு, அதுலேர்ந்து தான் ஆடியாலஜிக்கு மட்டும்னு ஏசிஏஇ வந்துச்சு. சில ப்ரோக்ராம் ரெண்டையும் வச்சிருக்கும். என் சொந்த கருத்து, தொழில் கத்துக்க ரெண்டு அங்கீகாரமுமே நல்ல கட்டமைப்பு தான், ஆனா சிசிசி-ஏ (ஆடியாலஜிக்கான சிசிசி) வேணும்னா சிஏஏ இருக்கான்னு பாத்துக்கோங்க, லைசென்ஸுக்கு உங்க ஸ்டேட் எத ஏத்துக்குதுன்னு எழுதி வச்சத நீங்களே படிங்க, சீனியர் சொன்னான்னு நம்பிடாதீங்க.

தங்கச்சிக்கு ஒரு வார்த்த. வெறும் அக்ரிடிடட்ங்கற சொல்ல பாத்து முடிவு பண்ணாத. ப்ரோபேஷன்ல (கொறய சரி பண்ண சொல்லி எச்சரிக்கைல) இருக்கற ப்ரோக்ராமும் அக்ரிடிடட் தான். சிஏஏ ஒவ்வொரு ப்ரோக்ராமோட நிலையையும் வெளிப்படையா போடறாங்க. ஆஷாவோட எட்ஃபைண்ட்ல (ப்ரோக்ராம் தேடற வெப்சைட்ல) போய் ரெண்டு பேரையும் தேடி தேதியோட ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோ. எட்டு வருஷ சைக்கிள்ல அடுத்த புதுப்பிப்பு நீ படிச்சிட்டு இருக்கறப்போ வருதான்னும் பாரு.

போரூர்பொண்ணு:

அக்கா, அண்ணா, எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. கேண்டிடசில படிச்சாலும் சிசிசி கெடைக்கும்ங்கறது எனக்கு இவ்ளோ நாள் யாருமே சொல்லல. 25 மணி 375 மணி எல்லாம் நோட்டுல எழுதிட்டேன்.

இப்போ இன்னொரு சந்தேகம். பழைய ப்ரோக்ராம் வெப்சைட்ல எத்தன பேர் நேரத்துக்கு முடிச்சாங்க, ப்ராக்சிஸ் (சிசிசிக்கு எழுதற தேசிய பரீட்ச) எத்தன பேர் பாஸ்னு மூணு வருஷ டேபிள் போட்ருக்காங்க, எல்லாம் நல்லா இருக்கு. புது எடத்துல அதே பக்கத்துக்கு போனா டேபிள் காலியா இருக்கு, முதல் பேட்ச் இன்னும் வெளிய வரலன்னு ஒரு வரி. அப்போ நான் எத வச்சு எட போடறது?

கிளினிக்மேடம்:

போரூர்பொண்ணுக்கு அன்பு. நான் ஒரு யுனிவர்சிட்டி கிளினிக்ல சூப்பர்வைசரா இருக்கேன், புது ப்ரோக்ராம் ஒண்ணு கேண்டிடசிலேர்ந்து அக்ரிடிடேஷன் வாங்கற வரைக்கும் கூடவே நின்னு பாத்தவ. பேர் வேண்டாம்.

அந்த டேபிள் சும்மா விளம்பரத்துக்கு போடறது இல்லமா, சிஏஏ போட சொல்லி தான் போடறாங்க. படிப்ப முடிக்கறவங்களும் ப்ராக்சிஸ் பாஸும் மூணு வருஷ சராசரில 80 சதவீதத்துக்கு கொறஞ்சா சிஏஏ விளக்கம் கேக்கும். புது எடத்துல அது காலியா இருக்கறது குத்தம் இல்ல, ஆனா அப்போ நீ வேற எடத்துல தோண்டணும்.

உள்ள என்ன நடக்குதுன்னு சொன்னா உனக்கு புரியும். ஸ்டாண்டர்ட் ஆறு தலைப்புல இருக்கு, நிர்வாகம், ஆசிரியர்கள், பாடத்திட்டம், மாணவர்கள், மதிப்பீடு, வசதிகள். ப்ரோக்ராம் தன்னையே அலசி ஒரு பெரிய அறிக்க எழுதணும், அப்புறம் சைட் விசிட், அது போக வருஷா வருஷம் ரிப்போர்ட். எங்களுக்கு விசிட் வந்தப்போ நான் ஒரு வாரம் சரியா சாப்பிடல. வந்தவங்களும் நம்ம தொழில் ஆளுங்க தான், ஒருத்தங்க வேற யுனிவர்சிட்டி ப்ரொஃபசர், ஒருத்தங்க ஆஸ்பத்திரில ப்ராக்டிஸ் பண்றவங்க. கிளினிக்ல ஒருவழி கண்ணாடிக்கு பின்னாடி நின்னு ஒரு செஷன் பாத்தாங்க, அப்புறம் கலிப்ஸோவுல (மணி நேரத்த பதிவு பண்ற சாஃப்ட்வேர்) ஏதோ ஒரு ஸ்டூடண்ட் பேர சொல்லி திறக்க சொன்னாங்க. அந்த பொண்ணு வாய்ஸ் கேஸ் ஒண்ணு பாத்திருந்தா. இந்த க்ளையன்ட்டோட அவ இருந்த நேரத்துல சூப்பர்வைசர் எவ்ளோ நேரம் பாத்தீங்க, எங்க பதிவு இருக்குன்னு கேட்டாங்க. கொறஞ்சது கால் பங்கு நேரமாவது பாக்கணும்ங்கறது விதி. நான் பாத்திருந்தேன், ஆனா ரெண்டு நாளுக்கு கையெழுத்து விட்டுப்போயிருந்துச்சு. அவங்க ஒண்ணும் சொல்லல, குறிச்சிக்கிட்டாங்க. அன்னிலேர்ந்து நான் செஷன் முடிஞ்ச அந்த நிமிஷமே உள்ளிடாம எந்திரிக்கறது இல்ல.

அதோட ஸ்டூடண்ட்ஸ மட்டும் தனியா உக்கார வச்சு பேசுனாங்க, எங்கள வெளிய அனுப்பிட்டாங்க. என் மாணவி ஒருத்தி உள்ள போய் திக்குவாய் கேஸே எங்களுக்கு கெடைக்கல, புத்தகத்துல தான் படிக்கறோம்னு உண்மய சொல்லிட்டா. வெளிய வந்து என்ன பாத்து அழுதா, மேடம் உங்கள மாட்டி விட்டுட்டேனோன்னு. நான் அவள கட்டிப்பிடிச்சிட்டு நீ சொன்னது தான் சரின்னு சொன்னேன், ஏன்னா நாங்க ஒரு வருஷமா டீன்கிட்ட அதையே கேட்டு நடக்காம இருந்துச்சு. ரிப்போர்ட்ல அது வந்துச்சு, அடுத்த செமஸ்டர்லயே பக்கத்து ஊர்ல ஒரு திக்குவாய் சப்போர்ட் க்ரூப்போட ஒப்பந்தம் போட்டாங்க. அக்ரிடிடேஷனோட பலன நான் கண்ணால பாத்தது அன்னிக்கு தான்.

அதனால நீ கேக்க வேண்டியது ப்ளேஸ்மென்ட் பத்தி. இங்க ஸ்டூடண்ட்ஸ் பிக் நைன்னு சொல்லுவாங்க, உச்சரிப்பு, திக்குவாய், குரல், மொழி, கேட்டல், விழுங்கறது, அறிவாற்றல், சமூகப் பேச்சு, ஏஏசி (பேச முடியாதவங்களுக்கு படம், கருவி வச்சு தொடர்பு), இந்த ஒம்போதுலயும் நீ தேறி வரணும். புது ப்ரோக்ராம் பெரும்பாலும் விழுங்கறதுல தான் சறுக்கும், ஏன்னா அதுக்கு ஆஸ்பத்திரி வேணும், பக்கத்துல இருக்கற ஆஸ்பத்திரிங்க ஏற்கனவே பழைய யுனிவர்சிட்டிங்க கைல இருக்கும். டைரக்டர்கிட்ட நேரா கேளு: டிஸ்ஃபேஜியாவுக்கு (விழுங்கற கொளாறு) எந்தெந்த எடத்தோட கையெழுத்தான ஒப்பந்தம் இருக்கு, முழு நேர பிஹெச்டி ஆசிரியர்கள் எத்தன பேர், அடுத்த சைட் விசிட் எப்போ. நல்ல டைரக்டர் ரெண்டு நாள்ல வரிக்கு வரி பதில் போடுவாங்க. சுத்தி வளச்சு எழுதுனா அதுவே உனக்கு பதில்.

டல்லாஸ்அக்கா:

மேடம் நீங்க எழுதுனத படிச்சு எனக்கு கண்ணு கலங்கிடுச்சு. ஸ்டாண்டர்ட்ல இருக்கற இன்னொரு விஷயம் நம்ம புள்ளைங்களுக்கு எவ்ளோ முக்கியம்னு நானும் சொல்லியே ஆகணும். வீட்ல வேற மொழி பேசற கொழந்தய எப்படி மதிப்பிடணும்னு சொல்லிக்குடுக்கணும்ங்கறது பாடத்திட்டத்துல கட்டாயம். எங்க ஸ்கூல்ல ஒரு தமிழ் பையன், அஞ்சு வயசு, ஸ்கூல்ங்கறத இஸ்கூல்னு சொல்றான், ஸ்பூன் இஸ்பூன். டீச்சர் கொளாறுன்னு எழுதி எங்கிட்ட அனுப்பிட்டாங்க. நம்ம மொழில சொல் அப்படி ரெண்டு மெய்ல ஆரம்பிக்காது, நாக்கு அதுக்கு முன்னாடி ஒரு இகரத்த தானா வச்சுக்கும், என் பாட்டி கடைசி வரைக்கும் இஸ்டேஷன்னு தான் சொன்னாங்க. நான் அவன தரைல உக்கார வச்சு தமிழ்ல கத சொல்ல சொன்னேன், மழை, பழம், பள்ளம் எல்லாம் மணி மணியா வந்துச்சு. அம்மாகிட்ட ஒண்ணும் இல்லன்னு சொன்னப்போ அவங்க முகத்த நீங்க பாத்திருக்கணும். இந்த வித்தியாசத்த சொல்லிக்குடுக்காத எடத்துல படிச்சவங்க கைல அவன் சிக்கியிருந்தா ரெண்டு வருஷம் தேவையில்லாம தெரபி ரூம்ல உக்காந்திருப்பான்.

நாகர்கோவில்காரன்:

நல்ல பேச்சு நடக்குது, என் அனுபவத்தையும் சொல்லிட்டு போறேன், கொழப்பறதுக்கு இல்ல. எனக்கு அட்மிட் குடுத்த எடம் (பேர் சொல்ல விரும்பல) அப்போ கேண்டிடசியே வாங்கியிருக்கல, அப்ளை பண்ணிருக்கோம், சீக்கிரம் வந்துடும்னாங்க. கேண்டிடசி கெடைக்காம ஆள சேக்க முடியாதுங்கறது எனக்கு அப்போ தெரியாது. முடிவு தள்ளிப்போச்சு, க்ளாஸ் ஒரு வருஷம் தள்ளி ஆரம்பிச்சாங்க, நான் வேலய விட்டுட்டு, ஐ-20 (விசாவுக்கு யுனிவர்சிட்டி தர்ற படிவம்) மறுபடி, விசா மறுபடி, ஒரு வருஷம் அம்மா முகத்த பாக்க முடியாம வீட்ல உக்காந்திருந்தேன். உன் கத அப்படி இல்ல தங்கச்சி, அவங்க ஏற்கனவே வாங்கிட்டாங்க. ஆனா கேண்டிடசி எந்த தேதில ஆரம்பிச்சது, 5 வருஷத்துல எவ்ளோ ஓடிப்போச்சுன்னு பாரு. நாலாவது வருஷத்துல போய் சேந்தா நடுவுல முடிவு வரும்.

அப்புறம் படிச்சு முடிச்சதும் ஓபிடி (படிப்பு விசாவுலயே வேல பாக்க அனுமதி) 12 மாசம் தான், சிஎஃப் (சிசிசிக்காக வழிகாட்டி ஒருத்தர் மேற்பார்வைல பாக்கற முதல் வேல) 36 வாரம் முழு நேரம், 1260 மணி நேரம். உள்ள அடங்கும், ஆனா வேல தேட நாலு மாசம் எடுத்தா இடிக்கும், அதனால கடைசி செமஸ்டர்லயே ஆரம்பிக்கணும். பின்னாடி வேல விசா, க்ரீன் கார்டுன்னு வர்றப்போ எஸ்எல்பிக்கு விசாஸ்க்ரீன் சர்டிஃபிகேட்னு ஒண்ணு கேப்பாங்க, இங்கயே படிச்சவங்களுக்கும் உண்டு, அதையும் மனசுல வச்சுக்கோ.

போரூர்பொண்ணு:

எல்லாருக்கும் ஒரு அப்டேட். மேடம் சொன்ன மாதிரியே டைரக்டருக்கு மெயில் போட்டேன், அட்மிஷன் ஆபீஸ சிசில வைக்காம. அடுத்த நாள் காலைலயே பதில். கேண்டிடசி ஆரம்பிச்சு ஒண்ணேகால் வருஷம் தான் ஆகுது, தேதி போட்டு லெட்டரையே இணைச்சு அனுப்பிட்டாங்க. முழு நேர பிஹெச்டி ஆசிரியர்கள் ஆறு பேர். டிஸ்ஃபேஜியாவுக்கு ஒரு ரீஹேப் ஆஸ்பத்திரியும் ரெண்டு நர்சிங் ஹோமும் கையெழுத்தாகி இருக்காம், அக்யூட் கேர் ஆஸ்பத்திரி ஒண்ணு இன்னும் பேச்சுல தான் இருக்கு, அத நாங்க உறுதியா சொல்ல முடியாதுன்னு அவங்களே எழுதிருக்காங்க. அந்த வரிய படிச்சப்போ தான் எனக்கு நம்பிக்க வந்துச்சு.

அப்பாகிட்ட எல்லாத்தையும் தமிழ்ல சொல்லி படிச்சு காட்டினேன். அவர் ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் அப்போ பத்திரத்த எடுக்க வேணாமான்னு மட்டும் கேட்டாரு. வேணாம்ப்பா, சின்ன லோன் போதும்னேன். இன்னிக்கு சாயந்திரம் முதல் பேட்ச்ல படிக்கற ஒரு பொண்ணோட வீடியோ கால் இருக்கு, நான் கேக்கற முதல் கேள்வி சூப்பர்வைசர் பக்கத்துல எவ்ளோ நேரம் உக்காருறாங்கங்கறது தான்.